பெட்டியைத் திறக்கிறார்கள், வாயைத் திறப்பதில்லை!

(இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட ஊர்க் கூட்டம் ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

சபராளி இல்லாத வீட்டிலிருந்து வந்தவர்கள் கையைத் தூக்குங்கள் என்று நான் இப்போது கேட்டால், உயருகிற கைகளை ஒரே மூச்சில் எண்ணிவிடலாம். ஒருவருக்கு வாப்பா சவூதியில், ஒருவருக்குக் காக்கா துபாயில், ஒருவருக்கு மச்சான் குவைத்தில். அவர்கள் லீவில் ஊருக்கு வந்து, வீடு வீடாக ஏறி இறங்கி, மறுபடியும் விமானம் ஏறிப் போகிறார்களே, அந்த நாட்களைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். அரசியல் பேசுவார் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நம் ஊரின் அடுப்பு எரிவதும் அணைவதும் இந்த விஷயத்தில்தான் இருக்கிறது.

நம் முன்னோர்கள் சபர் போகாதவர்களா? ரங்கூனுக்கும், கொழும்புக்கும், பினாங்குக்கும், சைகோனுக்கும் போனவர்கள்தான். நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறியவர்கள் பினாங்கில் இறங்க ஒரு வாரம் பிடித்தது. மூன்று வருடம், ஐந்து வருடம் கழித்துத்தான் ஊருக்கு வந்தார்கள். ஆனால் வந்தால் ஆறு மாதம், எட்டு மாதம் ஊரில் இருந்தார்கள். அவர்களில் பலர் அங்கே கடை வைத்திருந்த வியாபாரிகள். திரும்பும் நாளைத் தீர்மானிக்கும் உரிமை அவர்கள் கையில் இருந்தது. இன்றைய சபராளி சம்பளக்காரர். துபாயிலிருந்து நான்கு மணி நேரத்தில் திருச்சியில் இறங்கிவிடுகிறார். ஆனால் திரும்ப வேண்டிய தேதியை வேறொருவர் எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

எத்தனை நாள்? சவூதித் தொழிலாளர் சட்டப்படி வருடத்துக்கு 21 நாள் சம்பளத்தோடு விடுப்பு. ஒரே முதலாளியிடம் ஐந்து வருடம் தொடர்ந்து இருந்தால் 30 நாள். நம் பிள்ளைகளில் பலர் இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் வருகிறார்கள். ஆக 42 நாள். 730 நாள் அங்கே, 42 நாள் இங்கே!

இந்த 42 நாள் எப்படிப் போகிறது? முதல் மூன்று நாள் வீடு நிறையக் கூட்டம். பிறகு உறவுக்காரர் வீடுகள். இடையில் இரண்டு கல்யாணம், ஒரு சுன்னத்து. இவர் இல்லாத காலத்தில் மவுத்தானவர்கள் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போகவேண்டும். வீடு கட்டிக்கொண்டிருந்தால் கொத்தனாரோடு பத்து நாள். உம்மாவின் கண் ஆபரேஷனும் இவர் வரவுக்காகவே காத்திருக்கும். கடைசி வாரம் ஊறுகாயும் கருவாடும் கட்டுவதில் கழிந்துவிடுகிறது. மனைவியிடமும் பிள்ளையிடமும் உட்கார்ந்து பேசியது எத்தனை நாள் என்று அவரவர் வீட்டில் கேட்டுப் பாருங்கள். மேடையில் நின்று நான் சொல்லக் கூடாது.

இவ்வளவையும் ஆட்டிப் படைப்பது எது தெரியுமா? அந்தப் பெட்டி!

கயிறு கட்டி, கொட்டை எழுத்தில் பெயரும் ஊரும் எழுதி வருகிறதே, அந்த அட்டைப் பெட்டியைத்தான் சொல்கிறேன். லீவு கிடைக்கும் என்று தெரிந்த நாளிலிருந்து அறையில் ஒரு தாள் சுவரில் ஒட்டப்படுகிறது. லாத்தாவுக்குச் சேலை, மாமிக்குத் தைலம், சம்பந்தி வீட்டுக்குப் பிஸ்தா பாதாம், மச்சானுக்குப் போன், பக்கத்து வீட்டுக்குச் சோப்பு. முப்பது வீடு, வீட்டுக்கு ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் முப்பதாயிரம் ஆகிறது. மாதம் 1200 ரியால் வாங்குகிற தம்பிக்கு இது சாதாரணப் பணமா? அறைத் தோழனிடம் கடன் வாங்கி, சீட்டை முன்கூட்டியே எடுத்துப் பெட்டி கட்டுகிறான். திரும்பிப் போனதும் முதல் ஆறு மாதம் அந்தப் பெட்டிக்காகவே உழைக்கிறான்.

அப்படி என்னதான் கொண்டு வருகிறான்? 1980களில் ஒரு டேப் ரிக்கார்டர் ஊருக்குள் வந்தால் தெருவே திரண்டு பார்த்தது. அன்று அது இங்கே சுலபத்தில் கிடைக்காத பொருள். 1991க்குப் பிறகு நாட்டின் கதவு திறந்துவிட்டது. இன்று கோடாலித் தைலமும், பால் பவுடரும், பேரீச்சம்பழமும் நம் கடைத்தெருவிலேயே கிடைக்கின்றன. நம்மூர் வணிகர் விற்கும் பொருளையே துபாயில் வாங்கி, கூடுதல் எடைக்குப் பணம் கட்டித் தூக்கி வந்து, அதே வணிகரின் வீட்டுக்கும் கொடுக்கிறான்! (சிரிப்பு) சிரிக்கிறீர்கள். கடை வைத்திருப்பவர்கள் மட்டும் சிரிக்கவில்லை, கவனித்தேன்.

அன்பளிப்புக் கொடுப்பது நல்ல காரியம்தான், அதை நான் மறுக்கவில்லை. உறவைச் சேர்ந்து வாழுங்கள் என்று மார்க்கம் வலியுறுத்துகிறது. ஆனால் கையில் பொருளோடு போனால்தான் உறவு என்று யார் சொன்னது? பெட்டி தீர்ந்த பிறகு இந்தத் தம்பி யார் வீட்டுக்கும் போவதில்லை. படுக்கையில் கிடக்கும் சாச்சா, ஓட்டு வீட்டில் தனியாக இருக்கும் மாமி, இவர்கள் பட்டியலின் கடைசியில் இருப்பவர்கள். "வெறுங்கையோடு எப்படிப் போவது" என்று தெருவைச் சுற்றிப் போகிறான். அந்த மாமியோ, "வந்து இருபது நாளாச்சு, எட்டிப் பார்த்தானா?" என்று அழுகிறார். அவர் கேட்டது சேலையையா? சின்ன வயதில் தன் மடியில் கிடந்தவன் ஒரு வாய் தேநீர் குடித்துவிட்டுப் போகமாட்டானா என்றுதான் ஏங்குகிறார். நாமே உண்டாக்கிய வழக்கம் நம் வீட்டு வாசலில் நின்று நம்மைத் தடுக்கிறது.

1990 ஆகஸ்ட் 2-ஆம் தேதி ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்ததே, பெரியவர்களுக்கு நினைவிருக்கும். ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் விமானங்களில் மீட்டுக் கொண்டுவரப்பட்டார்கள். பெரும்பாலோர் ஜோர்டானின் அம்மான் வழியாக வந்தவர்கள். உடுத்திய உடையோடு வந்தவர்கள் அதில் எத்தனையோ பேர். 2020 மே மாதம் கொரோனாக் காலத்தில் சிறப்பு விமானங்களில் வந்தவர்களில் வேலை போய் வந்தவர்களும் உண்டு. பெட்டி எங்கே என்று அப்போது யாராவது கேட்டோமா? உயிரோடு வந்தானே என்று கட்டிப் பிடித்து அழுதோம். ஆக, பெட்டி இல்லாமல் வரவேற்க நமக்குத் தெரியாமல் இல்லை!

சகோதரர்களே! பெட்டியால் வரும் நஷ்டம் பணத்தோடு நின்றுவிட்டால்கூட நான் இவ்வளவு பேசமாட்டேன். அந்தப் பெட்டி பொய் சொல்கிறது.

அத்தர் மணக்க, புதுச் சட்டையோடு ஒருவர் தெருவில் நடந்து வருகிறார். பிளஸ் டூ முடித்த தம்பி திண்ணையில் உட்கார்ந்து பார்க்கிறான். "காக்கா, அங்கே என்ன வேலை?" என்று கேட்கிறான். "கம்பெனியில்தான்" என்று பதில் வருகிறது. "சம்பளம்?" "அல்ஹம்துலில்லாஹ், குறைவில்லை." அவ்வளவுதான் பேச்சு. ஓர் அறையில் எட்டுப் பேர் அடுக்குக் கட்டிலில் படுப்பதை அவர் சொல்வதில்லை. ஜூன் பாதியிலிருந்து செப்டம்பர் பாதிவரை நண்பகலில் வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று அங்கேயுள்ள அரசே தடை போடும் அளவுக்கு அந்த வெயில் கொடியது என்பதைச் சொல்வதில்லை. போன வருடம் மூன்று மாதச் சம்பளம் நின்றதையும் சொல்வதில்லை. சொன்னால் கௌரவம் போய்விடுமாம்! முப்பது வீட்டுக்குப் பொருள் கொடுத்துவிட்டு, நான் கஷ்டப்படுகிறேன் என்று எந்த வாயால் சொல்வார்?

அந்தத் தம்பி மறுநாளே ஏஜெண்டைத் தேடிப் போகிறான். ஏஜெண்ட் கேட்பது லட்சக் கணக்கில். உம்மாவின் நகை அடகுக் கடைக்குப் போகிறது. பதிவு பெற்ற ஏஜெண்ட் தன் சேவைக்காக வாங்கக் கூடியது 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி. வரியும்தான் என்று அரசு வரையறுத்திருக்கிறது. இது எத்தனை பேருக்குத் தெரியும்? "ஃப்ரீ விசா" என்று ஒன்றை விற்கிறார்களே, அப்படி ஒரு விசா எந்த வளைகுடா நாட்டின் சட்டத்திலும் கிடையாது. யாரோ ஒரு கஃபீலின் பெயரில் விசா எடுத்து, வேறெங்கோ வேலை செய்ய விடுவதற்குத்தான் அந்தப் பெயர். பிடிபட்டால் குற்றவாளி ஆவது நம் பிள்ளை.

இன்னொன்று. சவூதியில் 2021 மார்ச் மாதம் ஒரு மாற்றம் வந்தது. ஒரு வருடம் வேலை செய்தவர் முதலாளியின் சம்மதம் இல்லாமலே வேறு வேலைக்கு மாறலாம், ஊருக்கு வந்துபோகவும் தானே விண்ணப்பிக்கலாம் என்றார்கள். நல்ல செய்திதான். ஆனால் வீட்டு டிரைவர், வீட்டு வேலையாள், தோட்டக்காரர், ஆடு மேய்ப்பவர், இவர்களுக்கு அந்த மாற்றம் பொருந்தவில்லை. நம் பிள்ளைகளில் எத்தனை பேர் ஹவுஸ் டிரைவர் விசாவில் போகிறார்கள்! விசாத் தாளில் அரபியில் என்ன தொழில் எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்லப் பத்து வருட அனுபவமுள்ள சபராளி அடுத்த தெருவிலேயே லீவில் இருக்கிறார். அவரிடம் நாம் கேட்பது, எனக்கு என்ன கொண்டு வந்தீர்கள் என்று!

வீட்டுக்குள் நிலைமை இதைவிட மோசம். சொல்லச் சங்கடமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். பதினைந்து வருடமாகக் கணவர் வெளிநாட்டில் இருப்பார். அவர் எந்தக் கம்பெனியில் இருக்கிறார், கஃபீல் பெயர் என்ன, இகாமா எண் என்ன என்று கேட்டால் மனைவிக்குத் தெரியாது. அல்லாஹ் காப்பாற்றுவானாக, திடீரென்று அங்கே ஒரு மவுத் நேர்ந்தால் அந்தக் குடும்பம் எங்கே போய் முட்டும்? அங்கேயே அடக்கவோ, உடலைக் கொண்டுவரவோ வாரிசுகளின் சம்மதக் கடிதம் கேட்பார்கள். பாஸ்போர்ட் விவரமும் முதலாளி விவரமும் கேட்பார்கள். இங்கே பாஸ்போர்ட் நகல்கூட இருக்காது. இந்தியத் தூதரகங்களில் இதுபோன்ற இக்கட்டுக்கு உதவவே 2009-லிருந்து ஒரு நல நிதி இருக்கிறது. அதைக் கேட்டுப் பெறக்கூட விவரம் வேண்டுமே!

பத்தாம் வகுப்பு முடிக்காமல், குடிபெயர்வு அனுமதி பெற்று வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடு கட்டாயம். இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375 ரூபாய். விபத்தில் இறந்தாலோ, நிரந்தரமாக ஊனமானாலோ 10 லட்சம் ரூபாய். அந்தத் தாள் எங்கே இருக்கிறது? பெரும்பாலும் ஏஜெண்டின் மேசையிலேயே கிடக்கும். விசிட் விசாவில் ஏற்றி அனுப்பப்பட்டவருக்கோ அந்தக் கதவே திறக்காது. சேவை முடிவுப் பணம் என்று ஒன்று இருக்கிறது. சவூதிக் கம்பெனியில் பன்னிரண்டு வருடம் வேலை செய்தவருக்கு முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் அரை மாதச் சம்பளம், மீதி ஏழு வருடத்துக்கு வருடம் ஒரு மாதச் சம்பளம், ஆக ஒன்பதரை மாதச் சம்பளம் சேரவேண்டும். அது இருப்பதே தெரியாத குடும்பம் எப்படிக் கேட்டு வாங்கும்?

42 நாளில் ஒரு மாலைப் பொழுதை இதற்கு ஒதுக்கினால் போதும். கதவைச் சாத்திக்கொண்டு மனைவியையும் பெரிய பிள்ளையையும் உட்கார வையுங்கள். ஒரு நோட்டில் கம்பெனியின் பெயர், முகவரி, அறைத் தோழர் இருவரின் போன் எண், கொடுக்க வேண்டிய கடன், வரவேண்டிய கடன் எல்லாவற்றையும் எழுதுங்கள். சம்பளம் எவ்வளவு என்று உண்மையைச் சொல்லுங்கள். சம்பளம் தெரிந்தால் செலவு குறையும், பயப்படாதீர்கள். வாப்பா வெயிலில் நிற்கிறார் என்று தெரிந்த பிள்ளை புது பைக் கேட்கத் தயங்குவான்.

வணிகப் பெருமக்களுக்கும் ஒரு வார்த்தை. சபராளி வீடு என்றால் நீங்கள் பற்று நோட்டைத் தாராளமாகத் திறந்துவிடுகிறீர்கள். லீவு நாளில் கறியும் பிரியாணி அரிசியும் கணக்கில்லாமல் கடனுக்குப் போகின்றன. அவர் விமானம் ஏறிய மறு வாரம், கடை வாசலில் வந்து தலைகுனிந்து நிற்பவர் அவருடைய உம்மா. வியாபாரத்தை விடச் சொல்லவில்லை. ஊரில் இருக்கும்போதே அவரைக் கூப்பிட்டு, "தம்பி, உங்கள் வீட்டுக் கணக்கு இவ்வளவு நிற்கிறது" என்று நோட்டைக் காட்டுங்கள். கடைத்தெருவில் ஆள் பற்றாக்குறை என்கிறீர்கள். எட்டு மணி நேரத்துக்கு நியாயமான சம்பளம் தருவதாகச் சொன்னால், திரும்பிப் போகலாமா வேண்டாமா என்று தூக்கமில்லாமல் புரளும் நாலு பேராவது உங்கள் கடைக்கு வருவார்கள். அதை ஏன் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை?

இந்தக் கூட்டத்திலேயே லீவில் வந்திருக்கும் சகோதரர்கள் பின்வரிசையில் சிலரைப் பார்க்கிறேன். அடுத்த மாதம் விமானம் ஏற இருக்கும் தம்பிகளும் இருக்கிறார்கள். இஷா தொழுகைக்குப் பிறகு தேநீர் ஏற்பாடு செய்திருக்கிறோம். விசா நகலையும் வேலை ஒப்பந்தத்தையும் கையில் வைத்திருப்பவர்கள் எடுத்து வாருங்கள். லீவில் வந்தவர்கள் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து அந்தத் தாளைப் படித்துச் சொல்லுங்கள். யாருக்கும் அன்பளிப்புக் கொண்டுவர வேண்டாம், தேநீருக்கும் பணம் கொடுத்தாகிவிட்டது.

வஸ்ஸலாம்.