குண்டும் குழியும் எல்லோருக்கும் பொதுவா?

(சென்னையில் நடந்த கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சாதி ஒழிப்பு மேடையில் சாலைப் பள்ளத்தைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று தலைப்பைப் பார்த்ததும் சில தோழர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நம் முன்னோர் சாலைக்காகவே சிறை சென்றவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. 1924இல் தொடங்கிய வைக்கம் போராட்டம் கோயிலுக்குள் போவதற்காக நடந்தது அல்ல. கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் நடப்பதற்காக நடந்தது. தந்தை பெரியார் அந்தத் தெருக்களுக்காகத்தான் இரண்டு முறை சிறைப்பட்டார். அதே 1924இல் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலையிலும் தெருவிலும் யார் நடப்பதையும் தடுக்கக் கூடாது, பொதுக் கிணறும் குளமும் எல்லோருக்கும் பொது என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது, அரசாணையும் வந்தது.

நூறு ஆண்டுகள் ஓடிவிட்டன. நடக்கும் உரிமை சட்டப்படி நம் கையில் இருக்கிறது. நடக்கத்தக்க சாலை கிடைத்திருக்கிறதா என்பதுதான் இன்று நான் கேட்க வந்த கேள்வி.

ஒவ்வொரு மழைக்குப் பிறகும் சென்னையில் ஒரே பேச்சுதான். செய்தித்தாளில் பள்ளத்தின் படம் வரும். “வரி கட்டுகிறோமே, இதுதானா சாலை?” என்று கோபம் வரும். ஒப்பந்ததாரரைத் திட்டுவோம், கமிஷனைத் திட்டுவோம். கோபம் சரிதான். ஆனால் இந்தப் பேச்சில் ஒரு பொய்ச் சமத்துவம் ஒளிந்திருக்கிறது. பள்ளம் எல்லோரையும் ஒன்றுபோல வதைக்கிறது என்று அது நம்மை நம்பவைக்கிறது.

முதலில் இந்த நகரத்தின் அளவைப் பாருங்கள். 2011இல் சென்னை மாநகராட்சி ஏறத்தாழ 175 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. மாநகராட்சியின் பொறுப்பில் சுமார் 390 கி.மீ. பேருந்துத் தடச் சாலைகள் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துக்கொள்ளத் தனித் துறையே உண்டு. மற்றபடி 5,000 கி.மீ.க்கும் மேற்பட்டவை உட்சாலைகள். அதாவது நீங்களும் நானும் குடியிருக்கும் தெருக்கள். அவை மண்டல அலுவலகங்களின் பொறுப்பு. இவை தவிர நெடுஞ்சாலைத் துறையின் சாலைகள் தனி, தேசிய நெடுஞ்சாலைகள் தனி. குடிநீர் வாரியம் தோண்டும், மின்வாரியம் தோண்டும், கேபிள்காரர் தோண்டுவார், மெட்ரோ தோண்டும். தோண்டுவது ஒருவர், மூடுவது இன்னொருவர். இடையில் மழை வந்துவிடும். தாருக்கு முதல் எதிரி தேங்கி நிற்கும் தண்ணீர். வடிகால் இல்லாத தெருவில் எவ்வளவு நல்ல தார் போட்டாலும் நிற்காது. அதனால் எந்தத் தெருவுக்கு வடிகால் முதலில் போகிறது என்பதுதான் எந்தச் சாலை பிழைக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது.

என் முனைவர் பட்ட ஆய்வு மறுகுடியமர்வுக் குடியிருப்புகளைப் பற்றியது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் மூன்றும் உங்களுக்குத் தெரிந்த பெயர்கள். கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்தும் நகரின் நடுவிலிருந்தும் அப்புறப்படுத்தப்பட்ட மக்களை 2000ஆம் ஆண்டிலிருந்து அங்கே கொண்டுபோய்க் குடிவைத்தார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் தலித்துகள். அந்தக் குடியிருப்புகளுக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது பழைய மாமல்லபுரம் சாலை. 2008இல் ஆறு வழிச் சாலையாகத் திறந்து சுங்கமும் வசூலித்தார்கள். மென்பொருள் நிறுவனங்களுக்காகப் போட்ட சாலை அது. அந்த அலுவலகங்களைக் கூட்டிப் பெருக்கவும், அங்கே வேலை பார்ப்பவர்களின் வீடுகளில் பாத்திரம் துலக்கவும் போகும் பெண்கள், அந்த ஆறு வழிச் சாலையை அடைவதற்கே சேற்றைத் தாண்ட வேண்டியிருக்கிறது.

ஏன் அப்படி? ஒரு தெரு யாருடைய பதிவேட்டில் இருக்கிறதோ அவருக்குத்தான் அதைச் செப்பனிட நிதி உண்டு. வாரியக் குடியிருப்புக்குள் போடப்படும் தெரு முதலில் வாரியத்தின் கையில் இருக்கும். அதை உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்கும் வரை மாநகராட்சி அலுவலகம் வாரியத்தைக் கைகாட்டும், வாரியம் மாநகராட்சியைக் கைகாட்டும். பெரும்பாக்கத்தில் நிலைமை இன்னும் மோசம். எட்டு மாடிக் கட்டடங்களில் 20,000க்கும் மேற்பட்ட வீடுகள் எழும்பியபோது அது மாநகராட்சி எல்லைக்கு வெளியே ஒரு கிராம ஊராட்சி. ஒரு சிறு நகரத்தின் மக்கள்தொகையை ஊராட்சி எல்லைக்குள் இறக்கி வைத்தார்கள். ஊருக்கு வெளியே சேரி என்ற பழைய ஏற்பாட்டுக்கு இதைவிட நவீனமான வடிவம் இருக்க முடியுமா?

அடுத்தது சாலையின் உயரம். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தார் போடுவது இந்த நகரத்தின் நெடுநாள் வழக்கம். சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளரே எழுத்து மூலம் அறிவுறுத்த வேண்டியிருந்தது. சாலை உயர உயர வீடு தாழ்ந்துகொண்டே போகும். வசதி உள்ளவர் வீட்டை இடித்து உயர்த்திக் கட்டுவார், ஜாக்கி வைத்தும் தூக்குவார். பட்டா இல்லாத ஓர் அறை வீட்டுக்காரர் என்ன செய்வார்? வாசலில் செங்கல்லும் சிமெண்டும் வைத்து ஒரு தடுப்புக் கட்டுவார். வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் பல தெருக்களில் வாசற்படி ஏறி வீட்டுக்குள் இறங்குகிறார்கள். புதுச் சாலை போட்டதற்கு அவர்கள் பெற்ற பலன், மழைநீர் நேராக அடுப்படிக்கு வருவது.

சாலைக்கு அடியிலும் சாதி இருக்கிறது. சாலை மட்டம் ஏறும்போது பாதாளச் சாக்கடையின் மூடி கீழே போய்விடும். அதுவே ஒரு பள்ளம். அடைப்பு ஏற்பட்டால் அந்த மூடியைத் திறக்க யாரைக் கூப்பிடுகிறார்கள் என்பதை இந்த அவையில் நான் விளக்க வேண்டியதில்லை. 2013இல் சட்டம் வந்தது. 2014இல் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்ற உச்ச நீதிமன்றம் 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. சாக்கடை மரணங்களில் தமிழ்நாடு முதலிடத்தில் இருப்பதாக ஒன்றிய அரசு நாடாளுமன்றத்திலேயே கணக்கு வைத்தது. சாலையின் மேலே வண்டி குலுங்கினால் செய்தி, அடியில் உயிர் போனால் ஒரு நாள் துணுக்கு. சாலையைப் பெருக்கும் தொழிலாளர்கள் தனியார்மயத்தை எதிர்த்து 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை முன் 13 நாட்கள் உட்கார்ந்தார்கள். நள்ளிரவில் அப்புறப்படுத்தினார்கள். நல்ல சாலை வேண்டும் என்று கேட்பவர்களில் எத்தனை பேர் அவர்களுடன் வந்து நின்றார்கள்?

“வேளச்சேரியிலும் பள்ளம் இருக்கிறதே, அது எந்தச் சாதி?” என்று ஒரு நண்பர் கேட்டார். பள்ளம் எங்கும் விழும். அது எத்தனை நாளில் மூடப்படுகிறது என்பதில்தான் வேறுபாடு. குடியிருப்போர் நலச் சங்கம், தெரிந்த அதிகாரி, வழக்குப் போட வக்கீல் எல்லாம் இருக்கும் தெருவும், புகார் எண்ணை அழைக்கவே ஒரு நாள் கூலியை விட வேண்டிய தெருவும் ஒன்றல்ல. 2016 முதல் 2022 வரை இந்த நகரத்தில் கவுன்சிலரே இல்லை. அந்த ஆண்டுகளில் சிலரிடம் வேறு கதவுகள் இருந்தன. நம் மக்களிடம் அந்த ஒரு கதவும் அடைபட்டிருந்தது.

அரசு ஆவணங்களிலிருந்து ‘காலனி’ என்ற சொல்லை நீக்குவதாக 2025இல் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்க வேண்டிய அறிவிப்பு. ஆனால் பெயர்ப்பலகை மாறிய தெருவில் ஆம்புலன்ஸ் நுழைய முடியாவிட்டால், பழைய பெயரின் வேலையைப் புதுப் பெயரும் செய்துகொண்டேயிருக்கும்.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை மூன்று. முதலாவது, தெருவாரியான சாலைப் பதிவேடு. எந்தத் தெருவுக்கு எப்போது சாலை போட்டார்கள், யார் போட்டார்கள், எவ்வளவு செலவு, ஒப்பந்ததாரரின் உத்தரவாதக் காலம் எப்போது முடிகிறது, புகார் வந்து எத்தனை நாளில் பள்ளம் மூடப்பட்டது என்பதை மாநகராட்சி வெளியிடட்டும். நான் சொல்வது தவறு என்றால் அந்தப் பதிவேடே காட்டிவிடும். இரண்டாவது, வாரியக் குடியிருப்புத் தெருக்களை நிதியோடு சேர்த்து உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கக் கெடு. மூன்றாவது, சுரண்டாமல் போட்ட சாலைக்குப் பணம் தரக் கூடாது.

இதையெல்லாம் எங்கே கேட்பது? 2022 முதல் நகரங்களிலும் வார்டு குழு, பகுதி சபைக்கு விதிகள் இருக்கின்றன. அந்தச் சபைகளில் இன்று பெரும்பாலும் நலச் சங்கக்காரர்கள்தான் பேசுகிறார்கள். அடுத்த கூட்டத்துக்கு நம் தெருவிலிருந்து பத்துப் பேராவது போக வேண்டும். கையில் தெருவின் பெயர், பள்ளத்தின் அளவு, தேதி மூன்றும் இருக்கட்டும். பேசியது தீர்மானப் புத்தகத்தில் ஏறும் வரை எழுந்து வராதீர்கள்.

 ஜெய்பீம்!