18 வயசும் நம்ம பூட்டின ஃபிளாட்டும்



நான் ஷார்ஜாவில் பிறந்தவன். அங்கே எங்களை மாதிரிப் பையன்களுக்கு 18-வது பிறந்தநாள்னாலே விசா கவலைதான். அப்பாவின் ஸ்பான்சரில் மகன் 18 வரைதான் இருக்கலாம், படித்தால் 21 வரை. 2022 அக்டோபரில்தான் அது 25 ஆனது. இருந்தாலும், திருப்பி அனுப்பினால் போய் இறங்க எங்களுக்கு ஊரில் ஒரு தாத்தா வீடு இருந்தது.

ஸ்பான்சர் முறைக்கு அரபியில் கஃபாலா என்று பெயர். ஆதரவற்ற குழந்தையை ஒரு குடும்பம் பொறுப்பேற்று வளர்ப்பதற்கும் அதே சொல்தான். 1989-ன் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையிலும், 20-வது பிரிவில், அது இருக்கு. இரண்டிலும் நமக்காக ஒருத்தர் கையெழுத்துப் போடணும்.

தமிழ்நாட்டில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்து 18-ல் வெளியே வருகிறவருக்கு யார் கையெழுத்துப் போடுவது? 2015-ன் இளைஞர் நீதிச் சட்டம், 46-வது பிரிவு, பண உதவி 'வழங்கலாம்' என்கிறது. 'வழங்க வேண்டும்' என்று சொல்லவில்லை. வெளியே வந்த பிறகான பராமரிப்பு, விதிகளின்படி 21 வரை, விதிவிலக்காக 23 வரை. ஒன்றிய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய். அதை வைத்து சென்னையில் ஒரு ரூம் தேடிப் பாருங்க.

ரூம் கிடைத்தாலும் ஓனர் கேட்கிற முதல் கேள்வி, "ஃபேமிலியா, பேச்சலரா?" அடுத்தது, "அப்பா என்ன பண்றார்?" பிறகு அட்வான்ஸ். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் மூணு மாத வாடகையை அளவாக வைத்தது. பத்து மாதம் கேட்கிறவர்கள் இன்னும் இருக்காங்க.

அந்த ஓனர் பல சமயம் நம்ம அப்பாதான். வளைகுடா சம்பளத்தில் லோன் கட்டி வாங்கிய ஃபிளாட். எங்க வீட்டு ஃபிளாட் தாம்பரத்தில் எட்டு மாசமாகப் பூட்டிக் கிடக்கு, 'ஃபேமிலி மட்டும்' என்பதால். என் பிறந்தநாளுக்கு வருஷா வருஷம் ஒரு இல்லத்துக்குச் சாப்பாடு போடுகிறவரும் அதே அப்பாதான். சாப்பிட்ட பிள்ளை வளர்ந்து வாடகைக்கு வந்து நின்றால் கதவு திறக்காது.

ஆக, நமக்கு இரண்டு வேலை. ஒன்று, சட்டத்தில் இருக்கும் 'லாம்' 'வேண்டும்' ஆகணும். குறைந்தது 21 வரை வீடு உரிமையாகணும். அந்தப் பொறுப்பு அரசுடையது, நம்ம தர்மம் அதை ஈடு செய்யாது. இரண்டு, இந்த வாரம் வீட்டுக்குப் போன் போட்டு நம்ம ஃபிளாட்டைப் பற்றிக் கேளுங்க: மூணு மாத அட்வான்ஸ், அப்பா பெயர் கேட்காத ஒப்பந்தம், தேவைப்பட்டால் ஜாமீன் கையெழுத்து நாம போடுறது.

நான் கேட்டுட்டேன். "யோசிக்கலாம்"னு சொன்னார். அதுவும் ஒரு 'லாம்'தான். அடுத்த வாரம் மறுபடி கேட்பேன்.