கறுப்பு வெள்ளையில் ஒரு தெரு

வெள்ளவத்தையிலே காலி வீதியிலிருந்து மேற்கே பிரியும் ஒழுங்கைகள் கடலை நோக்கிச் செல்வன. மாலை வெயில் அவற்றின் வழியே நேராக நுழைந்து, கடற்பக்கம் நடப்போரின் முகத்தில் விழுகிறது. இதனை வண்ணத்திற் படம் பிடித்தால், கண் கடைப் பெயர்ப்பலகைகளின் சிவப்பிலும் மஞ்சளிலுமே தங்கிவிடும். கறுப்பு வெள்ளையிலோ, காய்கறிப் பையுடன் செல்லும் மூதாட்டியின் முகமே முதலில் தெரியும்.

உள்ளங்கையில் அடங்கும் டிஜிட்டல் கமராவே இதற்குப் போதும். ஆனால் நிறம் நீக்கிய படத்தை மட்டும் சேமித்தால், போன நிறம் மீளாது; மூலக்கோப்பையும் வைத்திருப்பதே விவேகம். அதனினும் மேலானது கடதாசியில் அச்சிட்டு வைத்தல். கொழும்பில் இக்கலையை உயர்த்திய லயனல் வென்ட் 1944இல் காலமானார். அவருடைய நெகட்டிவ்கள் பின்னர் அழிக்கப்பட்டன. அவரை இன்று நாம் அறிவது அச்சுப் படங்களாலேயே.

1983 ஜூலையில் வெள்ளவத்தையில் வீடுகள் எரிந்தபோது குடும்ப அல்பங்களும் எரிந்தன. தாம் வாழ்ந்த தெருவைக் காட்ட ஒரு படமேனும் இல்லாத குடும்பங்கள் உண்டு. சாதாரண நாளொன்றின் படம் அவர்களுக்கு அற்பப் பொருளா?

எனினும், கொட்டாஞ்சேனைச் சந்துகளிலே கமராவைக் கண்டதும் முகந்திருப்புவோரும் உளர். அடையாள அட்டையைக் காட்டிக் காட்டி நடந்த காலத்தை அவர்கள் மறக்கவில்லை. அங்கே பேச்சு முதலில், படம் பிறகு. வேண்டாமென்பவரின் படத்தை அவர் கண்முன்னே அழித்துவிடுவதே மரியாதை. இசைந்தவருக்கு ஒரு பிரதி கொடுக்கலாம். பின்புறத்திலே தெருவின் பெயரையும் ஆண்டையும் பென்சிலால் எழுதிக் கொடுப்பது இன்னும் நன்று.