குடம் எங்கே போனது?



கதையைத் தன்மையில் சொல்வதா, படர்க்கையில் சொல்வதா என்பதை எழுத்துப் பட்டறைகளில் உத்தியாகச் சொல்லித் தருகிறார்கள். நமக்கு அது உத்தி மட்டும் இல்லை. இந்த நினைவுச் சொற்பொழிவில் அதைத்தான் பேச விரும்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரியம்மாவோடு காவல் நிலையத்துக்குப் போனேன். தெருக்குழாயில் தண்ணீர் பிடித்ததற்காக அவரை அடித்திருந்தார்கள். அவர் சொல்லச் சொல்ல ஒருவர் புகாரை எழுதினார். ‘நான் மேற்படி முகவரியில் வசித்து வருகிறேன்’ என்று தொடங்கி, ‘சாதிப் பெயரைச் சொல்லி இழிவாகத் திட்டி’ என்று போனது. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு நிற்க அப்படிப்பட்ட சொற்கள் வேண்டும். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் பெரியம்மா முதலில் சொன்னது அடியைப் பற்றி அல்ல. “எங்கொடத்தக் காலால எத்தி உட்டான்” என்பதுதான் அவர் முதல் பேச்சு. வாசித்துக் காட்டியபோது அதில் ‘நான்’ இருந்தது, குடம் இல்லை.

‘நான்’ என்று எழுதிவிட்டாலே உண்மை வந்துவிடாது என்பதை அன்று கற்றேன். யாருடைய மொழியில் அந்த ‘நான்’ பேசுகிறது என்பதே கேள்வி. 1992இல் வந்த பாமாவின் ‘கருக்கு’ அதனால்தான் பெரிய உடைப்பு. அந்த ‘நான்’ ஊர்ப் பேச்சிலேயே பேசியது.

படர்க்கைக்கு வருவோம். அது நடுநிலையானது, தள்ளி நின்று பார்ப்பது என்பார்கள். தமிழில் அப்படி நிற்க முடியுமா? ‘வந்தான்’ என்பதா, ‘வந்தார்’ என்பதா? வினைமுற்றிலேயே மரியாதையை முடிவு செய்தாக வேண்டும். பண்ணையார் ‘வந்தார்’, அவர் வயலில் வேலை செய்யும் அறுபது வயதுக்காரர் ‘வந்தான்’ என்று எழுதும் கதைசொல்லி, கதை தொடங்கும் முன்பே ஊர்ப்பக்கம் போய் நின்றுவிடுகிறார். ‘வந்தேன்’ என்பதில் இந்தச் சிக்கல் இல்லை. அதில் உயர்வும் இல்லை, தாழ்வும் இல்லை.

அப்படியானால் படர்க்கையைக் கைவிடலாமா? கூடாது. ராஜ் கௌதமன் பாமாவின் அண்ணன். அவர் தன் வாழ்க்கையை எழுதியபோது சிலுவைராஜ் என்ற பெயரில் தன்னை ‘அவன்’ ஆக்கினார். 2002இல் வந்த அந்த நாவலின் பெயர் ‘சிலுவைராஜ் சரித்திரம்’. ராஜாக்களுக்கு என்றிருந்த சொல்லை ஒரு சேரிப் பையனுக்குக் கொடுத்தார். அந்த ‘அவன்’ மற்றவர் இறக்கிவைத்த ‘அவன்’ அல்ல. தன்னையே தள்ளி நிறுத்திப் பார்க்கவும் கேலி செய்யவும் அவரே எடுத்துக்கொண்ட உரிமை அது. ஒரே வீட்டில் பிறந்த இருவர் எடுத்த இரண்டு முடிவுகள் இவை. ஒன்று சரி, மற்றது தவறு என்று சொல்ல முடியாது.

இன்னொன்றும் உண்டு. தமிழில் ‘நாம்’ கேட்பவரைச் சேர்த்துக்கொள்ளும். ‘நாங்கள்’ வெளியே நிறுத்தும். ‘நாங்கள்’ நம் ஆயுதம். ஆனால் அது யாரை மறைக்கிறது? இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ 1994இல் வந்தது. அதன் நாயகி ஆரோக்கியம் புதிரை வண்ணார் பெண். தலித் மக்களுக்குத் துணி வெளுப்பவர். அங்கே அவருக்கு மேலே நிற்பது நாம். நம் ‘நாங்கள்’ அவரைச் சேர்த்துக்கொண்டதா? நம் வீட்டுப் பெண்களைச் சேர்த்துக்கொண்டதா? சங்கடமான கேள்விதான். அந்த நாவலைச் சுற்றி நமக்குள் நடந்த சண்டையும் இதிலிருந்து வந்ததே.

எழுத வரும் மாணவத் தோழர்களுக்கு ஒன்று சொல்வேன். ஒரு பக்கத்தை இரண்டு விதமாகவும் எழுதிப் பாருங்கள். எதில் உங்கள் கை தயங்குகிறது என்று கவனியுங்கள். ‘நான்’ என்றால், அதன் விலையை நீங்கள் தருகிறீர்களா, அல்லது ஊரில் இருக்கும் உங்கள் அம்மா தருகிறாரா? ‘அவர்’ என்றால், அவர் கேட்டால் “இது நான்தான்” என்பாரா?

அந்தப் பெரியம்மாவின் கதையை முதலில் ‘நான்’ என்று எழுதினேன். அவருக்கு வாசித்தேன். “நீ அடி வாங்கலயே தாயி” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மாற்றி, ‘அவர் குடத்தை எடுத்தார்’ என்று எழுதினேன். கேட்டுவிட்டு, “எம்பேரு வேணாம். கொடத்த மட்டும் உட்ராத” என்றார்.

அதை விடாமல் இருப்பதுதான் நம் வேலை.

 ஜெய்பீம்.