கைக்கு ஒரு சப்பரம்



பேராசிரியர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் ஒரே வரிசையில் உட்கார்ந்து பேசும் கருத்தரங்கு அரிது. அது மீன்சுருட்டியில் நடப்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. பள்ளி வயதை எட்டாத பிள்ளைகளுக்குப் பண்டிகைகளையும் சிறப்பு நாட்களையும் எப்படி அறிமுகம் செய்வது என்பதுதான் நம் பொருள். என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விளக்கத்தைக் குறைத்துக்கொண்டு, பிள்ளையின் கையில் ஒரு வேலையைக் கொடுங்கள்.

இங்கிருந்து கும்பகோணம் சாலையில் போனால் அணைக்கரை. ஆடிப்பெருக்கன்று கொள்ளிடக் கரையில் பெண்கள் காதோலை கருகமணி வைத்துப் படைத்து, மஞ்சள் கயிறு கட்டிக்கொள்வார்கள். காப்பரிசி கைக்குக் கை போகும். பிள்ளைகளுக்கு? டெல்டா ஊர்களில் அவர்களுக்கென்றே சப்பரம் உண்டு. சிறு சக்கரம் வைத்த மரத்தட்டு, மேலே ஒரு சாமி படம், முன்னால் கயிறு. அதைத் தெருப்புழுதியில் இழுத்துக்கொண்டு ஓடுகிற பிள்ளைக்குக் காவிரியின் பெருமையை யாரும் பாடமாக நடத்துவதில்லை. போகிக்குக் கொட்டு. மாட்டுப் பொங்கலுக்குக் கன்றின் கழுத்தில் போட ஒரு நெட்டிமாலை. பண்டிகைக்குப் பண்டிகை, பிள்ளை உயரத்துக்கு ஓர் இடத்தை நம் முன்னோர் ஒதுக்கிவைத்திருந்தார்கள். அதைவிடச் சிறந்த மழலையர் கல்வியை நான் எந்த நூலிலும் படித்ததில்லை.

மூன்று வயதுப் பிள்ளைக்கு நடந்து முடிந்ததெல்லாம் ‘நேத்து’தான். சுதந்திர தினத்தன்று நாம் சொல்லும் 1947 என்ற எண் அதன் மனத்தில் எங்கே போய் உட்காரும்? ஆனால் கொடி விரியும்போது உதிர்கிற பூவைப் பொறுக்கும் பிள்ளை அந்தக் காலையை மறப்பதில்லை. ஓர் அங்கன்வாடி மையத்தில் குழந்தைகள் தினத்தன்று, கோட்டும் தொப்பியும் மாட்டிய சிறுவன் ஒருவன் வெயிலில் நின்று, மனப்பாடம் செய்த நாலு வரி வராமல் அழுததைப் பார்த்தேன். அவனுக்கான நாளில் அவனை அழவைத்துவிட்டோமே என்ற வருத்தம் எனக்கு இன்றும் ஆறவில்லை.

வேடமும் தின்பண்டமும் ஒரு நாள் கொட்டகையுமாகப் பண்பாட்டைக் காட்டிவிட்டு நகர்வதை, 1989இல் வெளிவந்த தம் நூலில் மழலையர் கல்வியாளர் லூயிஸ் டெர்மன்-ஸ்பார்க்ஸ் ‘சுற்றுலாப் பாடத்திட்டம்’ என்று கண்டித்தார். அமெரிக்க வகுப்பறைகளை வைத்துச் சொன்னது நமக்கும் பொருந்துகிறது. ரம்ஜானைச் சொல்ல ஒரு பிள்ளைக்குக் குல்லா மாட்டிப் படம் எடுப்பதைவிட, அந்த வீட்டு அம்மா கொண்டுவரும் நோன்புக் கஞ்சியை எல்லாரும் சேர்ந்து குடிப்பது மேல். ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா கோயிலுக்குப் போய்வந்த பிள்ளை, அங்கே ஏற்றிய மெழுகுவத்தியைப் பற்றித் தானே சொல்லட்டும்.

கங்கைகொண்ட சோழபுரம் நமக்குப் பக்கத்தில்தான். இராசேந்திர சோழன் பிறந்த ஆடித் திருவாதிரை இப்போது அரசு விழா. ஆயிரம் ஆண்டு என்பதை நான்கு வயதுக்குப் புரியவைக்க முடியாது, முயலவும் வேண்டாம். ஐப்பசிப் பௌர்ணமியன்று, ஏறத்தாழ 13 அடி உயர லிங்கத்தைச் சோறு மூடுமே, அந்த அன்னாபிஷேகம் பிள்ளைக்குப் புரியும். சோறு அதற்குத் தெரிந்த பொருள். தன் தட்டில் இருப்பது அங்கே மலையாக நிற்கிறது என்ற வியப்பே போதும். காமராசர் பிறந்த ஜூலை 15ஐயும் அந்தத் தட்டிலிருந்தே தொடங்கலாம்.

அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டமே ஒரு சிறப்பு நாளில்தான் தொடங்கியது: 1975, அக்டோபர் 2. நம் மையங்களுக்கான பாடத்திட்டத்தின் பெயர் ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’. வழி அந்தப் பெயரிலேயே இருக்கிறது. அறிக்கைக்காகப் படம் எடுக்கும் அவசரத்தில்தான் தவறவிடுகிறோம்.

முதல் அமர்வில் கட்டுரையாளர்களுக்கு முன்னால் அங்கன்வாடிப் பணியாளர்கள் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். போன பொங்கலுக்கு உங்கள் மையத்தில் பிள்ளைகள் எதைத் தொட்டார்கள், எதைக் கிண்டினார்கள், எதைக் கொட்டினார்கள்? அதிலிருந்து தொடங்குவோம்.