விசுவாசியும் கதாசிரியனும்

தமிழில் முதன்முதலாக நாவல் எழுதியவர் ஒரு கிறிஸ்தவர். மாயூரத்தில் முன்சீப்பாகக் கடமையாற்றிய வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879ஆம் ஆண்டில் அச்சேறியது. அவர் கத்தோலிக்க சமயத்தவர். பக்திக் கீர்த்தனைகள் பல இயற்றியவர். ஆயினும் அவர் படைத்த பிரதாப முதலியாரும் ஞானாம்பாளும் கிறிஸ்தவர்கள் அல்லர். ஜெபமும் தேவாலயமும் நிறைந்த வீட்டில் வளர்ந்த ஆசிரியர், தம் கதையை நடத்துவதற்கு வேறொரு வீட்டைத் தேர்ந்துகொண்டார்.

இலங்கைக்கு வருவோம். கண்டியில் வாழ்ந்த சட்ட அறிஞரும், 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியவருமான சித்திலெப்பை, 1885இல் 'அசன்பே சரித்திரம்' என்னும் நாவலை வெளியிட்டார். ஈழத்தின் முதல் தமிழ் நாவல் என்று பேசப்படுவது அதுவே. கதை நிகழ்வதோ எகிப்திலும் இந்தியாவிலும். 1891இல் திருகோணமலை இன்னாசித்தம்பி 'ஊசோன் பாலந்தை கதை'யை வெளியிட்டார். அது ஐரோப்பியக் கதையொன்றின் தழுவல்.

இம்மூவரையும் ஒருசேர நோக்குங்கால் ஓர் ஒற்றுமை புலப்படுகின்றது. கதை சொல்லப் புகுந்தபோது மூவரும் தத்தம் வீட்டு முற்றத்தை விட்டு அப்பாற் சென்றனர். ஒருவர் அயற்சமயத்தார் இல்லத்துக்குச் சென்றார். மற்றவர் நைல் நதி பாயும் தேசத்துக்குச் சென்றார். மூன்றாமவர் ஐரோப்பிய அரண்மனைகளுக்குச் சென்றார். இதற்குக் காரணங்கள் பல கூறலாம். நாவல் என்பது அன்று புதிய வடிவம். வாசகரின் கவனத்தை ஈர்க்க விந்தையான நிகழ்ச்சிகள் வேண்டியிருந்தன. எனினும் என் மனத்திற் படும் காரணம் ஒன்று உண்டு. சமயப் பற்றுள்ள ஒருவருக்குத் தன் சொந்த வீட்டின் கதையை உண்மையோடு எழுதுவதைப் போலக் கடினமான காரியம் பிறிதொன்றில்லை.

கிறிஸ்தவ எழுத்தாளரின் சங்கடத்தைப் பற்றிக் கல்முனையிலிருந்து ஒரு முஸ்லிம் பேசுவானேன் என்று நேயர்கள் சிலர் வினவக்கூடும். எங்கள் ஊரின் அமைப்பே அதற்கு விடை. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியிற் கொடியேறும். பாண்டிருப்பிற் திரௌபதை அம்மன் கோயிலிற் தீ மிதிப்பார்கள். உவெஸ்லியின் பெயர் தாங்கிய பாடசாலையும் கார்மேல் பாத்திமாக் கல்லூரியும் தலைமுறை தலைமுறையாக எங்கள் பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டி வருகின்றன. இத்தகைய ஊரில் வாழ்பவன் அயல் வீட்டுக் கண்ணாடியிலே தன் முகத்தைக் காண்பது இயல்பேயாகும். கிறிஸ்தவக் கதாசிரியர் பட்ட பாடு எதுவோ, அதுவே எங்கள் இளைஞர் படுகின்ற பாடும்.

அந்தப் பாட்டினை மூன்றாகப் பகுத்துக் கூறலாம்.

முதலாவது, பிரசங்கம் செய்யும் ஆசை. தன் சமயம் உண்மையானது என்று நம்புகின்ற ஒருவன், அவ்வுண்மை கதையிலும் வெற்றி பெறவேண்டுமென்று விரும்புவது இயற்கை. அதனால் நல்லவன் கடைசியிற் செல்வம் பெறுகிறான். கெட்டவன் கண்ணீர் வடித்துத் திருந்துகிறான். ஐயமுற்றவன் இறுதி அத்தியாயத்திலே மண்டியிடுகிறான். வாசகனுக்கோ இம்முடிவு முதற்பக்கத்திலேயே தெரிந்துவிடுகின்றது. அவன் புத்தகத்தை மூடிவிடுகிறான்.

1914ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்து மங்களநாயகம் தம்பையா 'நொறுங்குண்ட இருதயம்' என்ற நாவலை வெளியிட்டார். பெண்ணொருவர் நாவல் எழுதுவதே அபூர்வமாக இருந்த காலம் அது. பெயரைக் கேட்டவுடனே வேதாகமம் அறிந்தவர்களுக்குத் தாவீதின் சங்கீதம் நினைவுக்கு வரும். சமய போதனை அந்நூலின் நோக்கங்களுள் ஒன்று என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்நூலை இன்றும் நாம் நினைவுகூர்வது எதனால்? போதனையினால் அன்று. மணமாகிச் சென்ற பெண்ணொருத்தி குடும்பத்துள்ளே படும் துயரத்தை, அத்துயரம் நிகழும் மண்ணிலேயே வைத்து, ஒரு பெண்ணின் கண்ணாற் பார்த்து எழுதியதனால். நைல் நதிக்கும் ஐரோப்பாவுக்கும் சென்ற கதை, அவருடைய கையில் வீடு திரும்பியது. போதனை பழைமையடைந்தாலும் பார்த்த பார்வை பழைமையடையவில்லை.

இரண்டாவது சங்கடம், பாவியின் உள்ளத்துட் புகவேண்டிய கட்டாயம். கொலைகாரனைப் பற்றி எழுதுபவன் கொலைகாரனின் கோபத்தைச் சற்று நேரமாவது தன் நெஞ்சில் ஏந்தவேண்டும். இச்சையைப் பற்றி எழுதுபவன் அதன் வெப்பத்தை அறியவேண்டும். இரவில் எழுதிவிட்டு விடியற்காலையிலே தொழுகைக்கோ ஜெபத்துக்கோ செல்லும் மனிதன், தான் எழுதியது பாவமோ என்று நடுங்குகிறான். இந்த நடுக்கத்தை நகைப்பது எளிது. நடுக்கமே இல்லாதவன் பாவத்தின் பாரத்தையும் அறியாதவனாகவே இருப்பான் என்பது என் எண்ணம்.

பிரான்சு தேசத்து நாவலாசிரியர் பிரான்சுவா மோரியாக் இந்நடுக்கத்தை நன்கு அறிந்தவர். 1952இல் நோபல் பரிசு பெற்ற அவர், கத்தோலிக்க நம்பிக்கையில் உறுதியாக நின்றவர். 1927இல் அவர் எழுதிய 'தெரேஸ் தெஸ்கெய்ரூ' என்னும் நாவலின் தலைவி, தன் கணவனுக்கு நஞ்சூட்ட முயன்ற பெண். அவளை ஆசிரியர் வெறுத்து ஒதுக்கவில்லை. அவளுடைய மூச்சு முட்டும் வாழ்க்கையை உள்ளிருந்து எழுதினார். பக்திமான்கள் பலர் முகஞ்சுளித்தனர். விசுவாசியும் நாவலாசிரியனும் ஒரே மனிதனுக்குள் எவ்வாறு குடியிருப்பது என்ற கேள்வி அவரை வாட்டியது. 1929இல் அதைப் பற்றித் தனி நூலே எழுதினார். ஓடும் நீரை அங்கங்கே வடிகட்டுவதால் ஆவதொன்றில்லை, ஊற்றையே தூய்மை செய்யவேண்டும் என்பது அவர் கண்ட முடிவு. அதாவது, கதையை வெட்டித் திருத்துவதிலும், எழுதுகின்ற நெஞ்சைத் திருத்துவதே முதற் கடமை. புண்ணைத் தொடாமல் வைத்தியன் மருந்திட முடியாது. ஆனால் அவன் தன் கையைக் கழுவிக்கொண்டு தொடுகிறான்.

வேதங்களே இவ்விடயத்தில் நமக்குத் துணிவு தருகின்றன. பேதுரு தம் குருவை மும்முறை மறுதலித்த செய்தியைச் சுவிசேஷம் மூடி மறைக்கவில்லை. யூசுபு நபியின் வரலாற்றை ஓர் அத்தியாயம் முழுவதும் கூறும் திருக்குர்ஆன், சகோதரரின் பொறாமையையும், ஒரு பெண்ணின் இச்சையையும், குற்றமற்றவன் சிறை சென்றதையும் வெளிப்படையாகவே கூறுகின்றது. வேதம் கூசாத இடத்திற் கதாசிரியன் கூசவேண்டியதில்லை. அவ்விடத்திலே வேதம் எத்துணை நிதானத்தோடு பேசுகின்றது என்பதை மட்டும் அவன் கற்றுக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது சங்கடம், எல்லாவற்றிலும் கொடியது. தன் சனங்களை நோகச் செய்துவிடுவோமோ என்ற அச்சம் அது. சிறிய சமூகம், எல்லோரும் எல்லோருக்கும் உறவு. கதையில் ஒரு குடிகாரன் வந்தால், 'இது எங்கள் மாமாவைப் பற்றித்தானே?' என்று கேட்பதற்குப் பத்துப்பேர் இருப்பர். கோயிலிலோ பள்ளிவாசலிலோ பொறுப்பில் இருப்பவர் ஒருவரின் குறை கதையில் வந்துவிட்டால், சமயத்தையே இழித்துவிட்டதாகக் கூறுவர். 'அயலார் வாசித்தால் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள்?' என்பது சிறுபான்மையோர் எல்லாருடைய நாவிலும் உள்ள கேள்வி. அதைக் கேட்பவள் பெரும்பாலும் எழுத்தாளனின் தாயாகவே இருக்கிறாள், அதுதான் வேதனை.

இந்த அச்சத்தை வென்றவர் ஒருவரைக் குறிப்பிட விரும்புகிறேன். திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பேராசிரியையாக இருந்த ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' 1964இல் வெளிவந்தது. பனையேறிகள் வாழும் தென்கோடிக் கிராமம், பெருமையிழந்து கொண்டிருக்கும் ஒரு கிறிஸ்தவக் குடும்பம், குடிகாரத் தந்தை, வளர்ந்தவுடன் வீட்டுக்குள் அடைக்கப்பட்ட லிஸ்ஸி என்னும் பெண், பனையேறியின் மகன்மீது அவள் கொண்ட அன்பு. தம் சமூகத்தின் குறைகளுள் எதையும் ஆசிரியை மறைக்கவில்லை. கிறிஸ்தவ வீட்டிலும் குடும்பப் பெருமையும் ஏற்றத்தாழ்வும் குடிகொண்டிருப்பதைச் சொல்ல அவர் தயங்கவில்லை. ஆனால் ஏளனம் என்பது மருந்துக்கும் கிடையாது. யாரையும் வெறுக்காமல் எல்லோரையும் தெளிவாகக் காட்டுவது எவ்வளவு அரிய செயல் என்பதை எழுதிப் பார்த்தவர்களே அறிவர். லிஸ்ஸியின் வீட்டைப் படித்து முடித்த எவனும் கிறிஸ்தவர்களை இழிவாக எண்ணமாட்டான்; தன் வீட்டிலும் ஒரு லிஸ்ஸி இருக்கிறாளே என்றுதான் எண்ணுவான்.

எங்கள் கீழ்க்கரையிலும் இத்தகையவர் ஒருவர் வாழ்ந்தார். மூதூர் வ. அ. இராசரத்தினம் 1925இற் பிறந்து 2001இல் மறைந்தவர், ஆசிரியத் தொழில் புரிந்தவர், கத்தோலிக்கர். அவருடைய 'தோணி' என்னும் சிறுகதைத் தொகுதி 1962இல் வெளிவந்து சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. தனக்கென்று ஒரு தோணி வேண்டுமென்று ஏங்கும் ஏழை மீனவனின் நெஞ்சை அத்தலைப்புக் கதையிற் காண்கிறோம். அங்கே பிரசங்கம் இல்லை. ஆயினும், பிறர் கண்ணுக்குப் படாத ஓர் ஏழையின் ஆசையை உலகத்துக்கு முன் நிறுத்தத் தகுந்த பெரிய காரியமாகக் கருதிய அந்த மனத்திலே அவருடைய சமயம் இருக்கின்றது. மருதமுனையிற் பிறந்த மருதூர்க்கொத்தனும் எங்கள் முஸ்லிம் மக்களின் வாழ்க்கையை இவ்வாறே தம் சிறுகதைகளுட் கொணர்ந்தார். இருவர் தொழுத திசை வேறு. இருவர் நோக்கிய மனிதன் ஒருவனே.

எழுதுகின்ற இளைஞருக்குத் தொழில் நுணுக்கம் ஒன்றையும் இங்கே சொல்லிவிடலாம். அது மொழியைப் பற்றியது. சமயத்துக்கென்று ஒரு தமிழ் உண்டு. இரட்சிப்பு, கிருபை, ஞானஸ்நானம் என்னும் சொற்கள் பிரசங்க மேடையிற் கம்பீரமாக ஒலிக்கும். புயலில் அகப்பட்ட மீனவன் அந்தத் தமிழில் ஜெபிப்பதில்லை. 'மாதாவே' என்று அலறுகிறான். அவ்வாறே எங்கள் வீடுகளில் வாப்பா, உம்மா, ராத்தா, மௌத்து என்பன அன்றாடச் சொற்கள். அயலாருக்கு விளங்காதே என்று அவற்றை மாற்றி எழுதினால் வீடே மாறிவிடும். அடிக்குறிப்பு இட்டு விளக்கினாற் கதை பாடப்புத்தகமாகிவிடும். 'புத்தம் வீட்டில்' பாட்டனாரைக் கண்ணப்பச்சி என்று அழைக்கிறார்கள். அச்சொல்லை அறியாத வாசகனும் சில பக்கங்களுள் அம்முதியவரைத் தன் பாட்டனாராகவே ஏற்றுக்கொள்கிறான். சொல்லுக்குப் பொருள் தருவது அகராதி அன்று. அதைச் சொல்லும் வாயும் சொல்லப்படும் வேளையுமே.

இனி, முடிவு என்னும் பிரச்சினைக்கு வருவோம். விசுவாசி எழுதும் கதை எப்படி முடியவேண்டும்? இதற்கு இயேசுநாதர் கூறிய உவமைக் கதை ஒன்றே விடையளிக்கின்றது. ஊதாரி மகனின் கதையை அறியாதார் இல்லை. சொத்தை அழித்துவிட்டு இளையவன் திரும்பி வருகிறான், தந்தை ஓடிச் சென்று தழுவிக்கொள்கிறார், விருந்து நடக்கிறது. நம்மிற் பலர் கதை அத்துடன் முடிந்ததாக நினைக்கிறோம். அது அங்கே முடியவில்லை. வயலிலிருந்து வந்த மூத்தவன் கோபங்கொண்டு வாசலில் நின்றுவிடுகிறான். ஒரு நாளும் கட்டளை மீறாதவன் அவன். தந்தை வெளியே வந்து அவனிடம் மன்றாடுகிறார். அவன் உள்ளே சென்றானா? கதை சொல்லவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்களோ, தம்மை நல்லவர் என்று கருதியவர்கள். மூத்தவனின் முடிவை அவர்களே தம் உள்ளத்தில் எழுதிக்கொள்ளட்டும் என்று கதை அங்கேயே நின்றுவிடுகின்றது.

சமயக் கதைகளுள் மிகப் பெரியதொன்று முடிவைக் கட்டாயப்படுத்தாமல் நிற்கிறது என்றால், நாம் ஏன் நம் பாத்திரங்களின் கழுத்தைப் பிடித்து மண்டியிடச் செய்யவேண்டும்? நம்பிக்கை கதையின் கடைசி வரியிற் காட்டப்படுவதன்று. வாசலில் நிற்கும் மூத்தவனிடத்தும், பன்றித் தவிட்டுக்கு ஏங்கிய இளையவனிடத்தும் ஆசிரியன் காட்டும் ஒரே அளவான பரிவிலேதான் அது வெளிப்படுகின்றது.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலையில், கல்முனைக் கரையிலே கடல் சில நிமிடங்களிற் தெருத் தெருவாக வீடுகளைக் கொண்டுசென்றது. சுவர்களை மீண்டும் எழுப்பினோம். அவ்வீடுகளிற் பேசப்பட்ட பேச்சையும், நடந்த சண்டையையும், சமைத்த சமையலையும், அழுத அழுகையையும் எந்தக் கொத்தனாராலும் எழுப்ப முடியாது. அவற்றை எழுப்பவல்லவன் கதாசிரியன் ஒருவனே. நம் வீட்டை நாம் எழுத அஞ்சினால் ஒன்று அது எழுதப்படாமலே மறையும்; அல்லது நம்மை அறியாத ஒருவர் அதை எழுதுவார். இரண்டும் இழப்பே.

ஆகவே, பள்ளிவாசலுக்குச் செல்லும் இளைஞனே, தேவாலயத்துக்குச் செல்லும் தங்கையே, கோயிலுக்குச் செல்லும் தம்பியே, உன் வீட்டை எழுது. உன் தாய் அதை வாசிப்பாள் என்பதை மறவாதே. அந்த நினைவு உன் கையைக் கட்டவேண்டாம். அவள் மனத்தைப் புண்படுத்தும் பொய் எதுவும் அதிற் புகாதபடி காக்கட்டும். உண்மை அவளுக்கு வருத்தந் தரலாம். அன்போடு சொல்லப்பட்ட உண்மையை, ஒரு நாள் கழிந்தாவது, அவள் அடையாளம் கண்டுகொள்வாள்.