ஏறுவதற்கு அல்ல, இறங்குவதற்கு

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



ஒரே வகுப்பில் படித்த நாங்கள் மூவர் சேர்ந்து ஒரு பழைய வான் வாங்கிய கதையைச் சொல்லும்படி சங்கத்தினர் கேட்டார்கள். ஒருத்தி ஆசிரியை, ஒருத்தி கனடாவிலிருந்து வந்துபோகிறவள், ஒருத்தி டாக்டர். மற்ற இருவருக்கும் மேடை என்றால் பயம். ஆகவே டாக்டரைப் பேச விட்டிருக்கிறோம்.

ஆசை நம் பள்ளி நூலகத்தில் தொடங்கியது. 1955இல் பிரித்தானியப் பல்கலைக்கழக மாணவர் ஆறு பேர் இரண்டு லாண்ட் ரோவர்களில் லண்டனிலிருந்து தரைவழியே புறப்பட்டு, மறு ஆண்டு சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தார்கள். அதைப் படித்த அன்றே, நாமும் வண்டிக்குள் சமைத்து, வண்டிக்குள் படுத்து இலங்கையைச் சுற்றுவோம் என்று முடிவுகட்டினோம்.

நாற்பது கடந்த பிறகுதான் கையில் காசு சேர்ந்தது. சேர்ந்த நேரம் பிழை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. இடையில் பழைய வானுக்கெல்லாம் தங்க விலை. நாங்கள் தேடியது நான்கு சில்லும் இழுக்கும் மிட்சுபிஷி டெலிக்கா, 2.5 லீட்டர் டீசல். முதலில் பார்த்ததில் செசி இலக்கம் புத்தகத்தோடு ஒத்துப்போகவில்லை. இரண்டாவதில் புதுப் பெயின்டைத் தட்டியதும் கதவடி துருவாக உதிர்ந்தது. மூன்றாவது பொல்பிட்டியவில் நின்றது.

தூர தேசத்திலிருப்பவர்கள் மறந்திருக்கலாம். மஸ்கெலியா ஓயாவும் கெசல்கமு ஓயாவும் கூடிக் களனி கங்கையாகும் பக்கம் அது. 1969 முதல் ஓடும் நீர்மின் நிலையம் இருக்கும் ஊர். அன்றும் மழை.

எங்களோடு வந்த கராஜ் பாஸ், எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முன்பே சொல்லி அனுப்பியிருந்தார். குளிரில் ஸ்டார்ட் ஆகிறதா என்று பார்க்கத்தான். இந்த எஞ்சின் கொதித்துப்போனால் ஹெட் வெடிக்கும். எண்ணெயில் தண்ணீர் கலந்தால் பால்கோப்பி நிறம் காட்டும். ஆகவே எண்ணெய் மூடியைத் திறந்து மணந்தும் பார்த்தார். நாங்கள் நோயாளியிடம் கேட்பதைவிட அவர் கேட்ட கேள்விகள் அதிகம்.

உரிமையாளர் பெருமையோடு செங்குத்தான மண்பாதையில் ஏற்றிக் காட்டினார். உச்சியில் பாஸ் சொன்னார்: “ஏறுறத விடுங்க டாக்டரம்மா. எறங்குறப்போ என்ன செய்யுதுன்னு பாருங்க.”

சின்ன லீவரை இழுத்து, தாழ்ந்த வேகத்தில் முதல் கியரைப் போட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ள, வான் மனிதர் நடக்கும் வேகத்தில் இறங்கியது. நெடுந்தூரம் பிரேக்கை மிதித்தே இறங்கினால் அது சூடேறிக் கைவிடும் என்றார்.

இறங்கி முடியும்வரை நாங்கள் மூவரும் பேசவில்லை. மூவருக்கும் ஒரே நினைவு.

ஏழாம் வகுப்பில் எங்களோடு இருந்தவளின் அம்மாவுக்கு ஒரு மழை இரவில் பிரசவ வலி எடுத்தது. லயத்திலிருந்து கம்பளியில் வைத்துத் தூக்கி இறக்கினார்கள். தார் ரோட்டுக்கு வந்தபோது நேரம் கடந்திருந்தது. தம்பிமாரைப் பார்க்க அவள் வீட்டில் நின்றாள். அவள் கொப்பிகள் அந்த ஆண்டு முடியும்வரை வகுப்பு அலுமாரியில் இருந்தன.

பாதையின் அடியில் சேற்றில் பின்சில்லுகள் சுழன்றன, முன்சில்லுகள் சும்மா நின்றன. பல ஆண்டு திருப்பாததால் முன்சில்லுப் பூட்டுகள் இறுகியிருந்தன. அதைக் காட்டி விலையைக் குறைத்து வாங்கினோம். கழற்றி, கிரீஸ் போட்டதும் முன்சில்லுகளும் இழுத்தன. காய்ந்த தார் ரோட்டில் நான்கு சில்லு இழுவையைப் போடக் கூடாது, பல்சக்கரங்கள் முறுகும் என்ற பாடத்தையும் பாஸிடம் படித்தோம்.

பிறகு எங்கள் பட்டியலிலிருந்து ஒவ்வொன்றாக வெட்டினோம். கூரைக் கூடாரம் வேண்டாம், ஃபிரிட்ஜ் வேண்டாம். கூரையில் 100 லீட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ. வளைவில் வண்டியைச் சாய்த்துவிடும். தண்ணீர்த் தாங்கி தரைக்கு வந்தது. நாங்கள் படுக்க நினைத்த இடத்தில் ஸ்டிரெச்சர் வந்தது.

வான் இன்று அந்தத் தோழியின் லயத்தடியில் நிற்கிறது. ஓட்டுவது அவள் மகன். 1990 என்று அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் நிற்கக்கூடிய இடம்வரை ஆளை இறக்கிக் கொடுப்பதே அதன் வேலை. கடந்த ஐப்பசி மழையில் தலைப்பிரசவக்காரி ஒருத்தியை இறக்கினோம். தாயும் பிள்ளையும் சுகம்.

இலங்கையைச் சுற்றும் பயணம் இன்னும் நடக்கவில்லை. நடக்கும்போது நால்வராகப் போவோம்.

உங்கள் தோட்டத்திலும் இப்படி ஒரு வண்டி வேண்டும் என்று நினைத்தால் எங்களிடம் சொல்லுங்கள். பாஸையும் கூட்டிக்கொண்டு வருகிறோம். வான் சாவி வைத்திருப்பவள் அதோ மூன்றாம் வரிசையில் இருக்கிறாள். எழுந்து நில் என்றால் நிற்க மாட்டாள். தேநீர் வேளையில் போய்ப் பேசுங்கள். அவளும் நம் பழைய மாணவிதான்.